எலிசபெத் காட்டனை யாராவது "கண்டுபிடித்தார்களா"?

கடைசிப்பெட்டி எழுதியது:

அமெரிக்கக் கறுப்பினக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டனைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் முதலில் வருகிறது. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். தாய் அவரை வீட்டு வேலைக்குக் கூப்பிட்டார். பார்த்தால் அது நாட்டுப்பாட்டில் பெயர் பெற்ற சீகர் குடும்பத்து வீடு, சுவரில் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது, அமெரிக்காவுக்கு ஒரு மேதை கிடைத்துவிட்டார்.

நடந்தது உண்மைதான். ஆனால் கதையை இங்கிருந்து ஆரம்பித்தால் காட்டனின் முதல் ஐம்பது வருடம் அப்படியே விழுந்துவிடுகிறது. எனக்கு அந்த ஐம்பது வருடம்தான் முக்கியமாகப் படுகிறது.

பிறந்தது வட கரோலினாவில், சேப்பல் ஹில்லை ஒட்டி, இப்போது கார்பரோ என்று பெயர் பெற்ற ஊரில். 1895 என்று ரொம்ப நாள் எழுதிவந்தார்கள், இப்போது 1893 என்கிறார்கள். பிறந்த வீட்டுப் பெயர் நெவில்ஸ். ஐந்து பிள்ளைகளில் கடைசி. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "சிஸ்", "பேப்" என்றுதான். பள்ளியில் ஆசிரியை பெயர் கேட்டபோது தானே "எலிசபெத்" என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டார்.

அண்ணன் வேலைக்குப் போனதும் அவருடைய பாஞ்சோவைத் திருட்டுத்தனமாக எடுத்து வாசிப்பார். கம்பி அறுந்தால் ஒளிந்துகொள்வார். படிப்பு சீக்கிரமே நின்றது. சின்ன வயதிலேயே ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலைக்குப் போனார், மாதச் சம்பளம் 75 செண்ட். அதைச் சேர்த்து 3 டாலர் 75 செண்டுக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். கணக்குப் போட்டால் ஐந்து மாதச் சம்பளம் முழுசாக அதிலேயே போயிருக்கிறது. "ஃப்ரெய்ட் ட்ரெய்ன்" பாட்டைக் கட்டியது 11, 12 வயதில். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை.

1910-ல் ஃபிராங்க் காட்டனோடு கல்யாணம், லில்லி என்று ஒரு மகள். சர்ச்சில் சேர்ந்தபோது "இந்த உலகப் பாட்டையெல்லாம் விட்டுவிடு" என்றார்கள். விட்டுவிட்டார். எப்போதாவது சர்ச்சில் வாசித்ததைத் தவிர, பல பத்தாண்டுகள் கிட்டார் இல்லை. கணவரைப் பிரிந்த பிறகு மகளோடு இருக்க வாஷிங்டன் வந்தார். அந்தப் பொம்மைக் கடை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இவரை யாராவது "கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லலாமா? வாசிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்க விடவில்லை, பிறகு ஒரு வீட்டில் வாசிக்க விட்டார்கள். நடந்தது அவ்வளவுதானே?

நெய்தல்கரை எழுதியது:

"ஃப்ரெய்ட் ட்ரெய்ன்" நான் கேட்டது பீட்டர், பால் அண்ட் மேரி பாடி. இவர் வாசித்ததில் என்ன தனி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். "காட்டன் பிக்கிங்" என்று ஒரு விரல் வாசிப்பு முறையைக் கிட்டார் வகுப்புகளில் சொல்கிறார்களே, இவர் பெயரில்தானா?

பீச்சாங்கை எழுதியது:

இவர் பெயரில்தான். நானும் இடது கைக்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாதாரணமாக இடது கைக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. தனியாகச் செய்த இடது கை கிட்டார் வாங்கலாம், அல்லது வலது கை கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை எல்லாம் கழற்றி வரிசை மாற்றிக் கட்டலாம். ஹெண்ட்ரிக்ஸ் செய்தது இரண்டாவது. காட்டன் இரண்டையும் செய்யவில்லை. கிட்டாரைத் திருப்பினார், கம்பியைத் தொடவில்லை. ஆகவே கனத்த, தாழ்ந்த ஒலி தரும் தடித்த பேஸ் கம்பி தரையைப் பார்த்து இருக்கும், மெல்லிய கம்பி மேலே முகவாய்ப் பக்கம் இருக்கும்.

இதனால் கையின் வேலைப் பங்கீடே தலைகீழ். மற்ற எல்லோருக்கும் கட்டைவிரல் பேஸ் போடும், மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். இவருக்கு ஆள்காட்டி விரல் பேஸ், கட்டைவிரல் மெட்டு. கட்டைவிரலுக்கு இயல்பாகவே பலம் அதிகம் என்பதால் மெட்டு உருண்டையாக முன்னால் வந்து நிற்கும். பேஸ் அடியில் மாறி மாறி, தட்டாமல் தடுமாறாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஆள் வாசிப்பது இரண்டு ஆள் வாசிப்பதுபோல் கேட்பது அதனால்தான். அந்த மாறி மாறி வரும் பேஸ் அமெரிக்காவின் தென்கிழக்கே உள்ள பியட்மாண்ட் பகுதிக் கறுப்பினக் கலைஞர்களின் பொதுச் சொத்து. பிளைண்ட் பிளேக்கிடம் கேட்கலாம், ரெவரெண்ட் கேரி டேவிஸிடம் கேட்கலாம். ராக்டைம் பியானோவில் இடது கை செய்வதைக் கிட்டாரில் கொண்டுவந்த பாணி என்பார்கள்.

கம்பியை ஏன் மாற்றிக் கட்டவில்லை? என் ஊகம், முதலில் கிடைத்த வாத்தியம் அண்ணனுடையது. மாற்றிக் கட்டினால் சாயங்காலம் மாட்டிக்கொள்வார். அந்த பாஞ்சோதான் இந்த முறைக்கே வேர் என்றும் நினைக்கிறேன். ஐந்து கம்பி பாஞ்சோவில் ஒரு குட்டைக் கம்பி மேல்பக்கம் இருக்கும், சுருதிபோல் ஒலித்துக்கொண்டே இருக்க, அதைக் கட்டைவிரல் தட்டும். பாஞ்சோவைத் திருப்பினால் அது கீழே போய்விடும். அப்போது அதை ஆள்காட்டி விரல்தான் எடுத்தாக வேண்டும், கட்டைவிரலுக்கு மெட்டு மிஞ்சும். பிறகு கிட்டார் வந்தபோதும் கை அதே பழக்கத்தில் போயிருக்கும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருமுறை பார்ப்பது மேல். 1960களில் நாட்டுப்பாட்டுப் பாடகர் பீட் சீகர் நடத்திய "ரெயின்போ குவெஸ்ட்" தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்திருக்கிறார். கையை மட்டும் பாருங்கள்.

ஒலிநாடா எழுதியது:

கடைசிப்பெட்டி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் சீகர் குடும்பத்தின் பங்கைக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டீர்கள்.

1950களின் கடைசியில், வீட்டு வேலை செய்யும் ஒரு கறுப்பினப் பெண், வயது அறுபதுக்கு மேல், கிட்டார் வாசிக்கிறார். இது ஒரு இசைத்தட்டாக வெளியே வர என்னென்ன நடக்க வேண்டும்? யாராவது ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் போனார். அவர் வீட்டுப் படுக்கையறையிலேயே, பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க, ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தார். அதை வெளியிட ஒரு நிறுவனம் வேண்டும். மோசஸ் ஆஷின் ஃபோக்வேஸ் இருந்தது. 1958-ல் "ஃபோக்சாங்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டல்ஸ் வித் கிட்டார்" வந்தது. மேடையில் பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். 1960-ல் ஸ்வார்த்மோர் கல்லூரிக் கச்சேரியில் மைக்தான் கூட நின்றார். 1893 கணக்குப்படி காட்டனுக்கு அப்போது 67.

"கண்டுபிடித்தார்கள்" என்ற பேச்சு எனக்கும் பிடிக்காது. அதற்காக ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடாது. வேலை செய்ய வந்தவர் சுவரில் இருந்த கிட்டாரை எடுத்து வாசிப்பதைக் கேட்டுவிட்டு "வேலையைப் பாரும்மா" என்று சொல்லக்கூடிய வீடுகள்தான் அந்தக் காலத்தில் அதிகம்.

கறார்பேர்வழி எழுதியது:

எல்லோரும் 11 வயது, 12 வயது என்று எழுதுகிறீர்கள். அவரே சொன்னதைத் தவிர வேறு சாட்சி உண்டா? வாய்வழிப் பாட்டு மரபில் வரிகள் ஊர் ஊராகச் சுற்றும், ஒருவர் எடுத்துத் தன் பாட்டில் சேர்ப்பார். இதில் "என் பாட்டு" என்பதற்கு எல்லை எது?

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். தான் செத்தால் செஸ்ட்நட் தெருக் கோடியில் புதைக்கச் சொல்லும் பாட்டு 11 வயதுக் குழந்தையின் பாட்டா என்பதுதான் என் சந்தேகம்.

கடைசிப்பெட்டி எழுதியது:

கறார், அந்த ஊரில் அந்த வயதில் அவர் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள். சாவைப் பற்றி யோசிக்க முப்பது வயது ஆக வேண்டுமா என்ன? என் காதுக்கு அதில் குழந்தைத்தனமான இடம்தான் அதிகம் கேட்கிறது. தான் எந்த ரயிலில் போனேன் என்று யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சுவது, செத்த பிறகும் ரயில் சத்தம் கேட்க வேண்டும் என்று இடம் பார்த்து வைப்பது. பெரியவர்கள் கட்டியிருந்தால் இதில் காதலோ கடவுளோ நுழைந்திருக்கும்.

மெட்டு எங்கிருந்து வந்தது, எந்தச் சொல் யாருடையது என்று துருவினால் எந்த நாட்டுப்புறப் பாட்டுக்கும் முழுப் பத்திரம் கிடைக்காது. ஆனால் வேறு யாரோ இரண்டு பேர் பத்திரம் எழுதிக்கொண்டார்களே, அதைப் பேசுவோம்.

வழக்குக்கட்டு எழுதியது:

அதற்குத்தான் காத்திருந்தேன்.

நடந்தது இது. தொலைந்துபோன அந்தச் சிறுமி பெக்கி சீகர். சமையலறைச் சுவரில் தொங்கியதும் அவருடைய கிட்டார்தான். காட்டனிடமிருந்து "ஃப்ரெய்ட் ட்ரெய்ன்" கற்றுக்கொண்டார். 1950களின் நடுவில் இங்கிலாந்து போனபோது அதை அங்கே பாடினார். அப்போது அங்கே ஸ்கிஃபிள் மோகம், தெருவுக்குத் தெரு பையன்கள் மலிவான கிட்டாரும் துணி துவைக்கும் தகடுமாக அமெரிக்க நாட்டுப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் "ஃப்ரெய்ட் ட்ரெய்ன்" தட்டு போட்டார்கள். பிரிட்டிஷ் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. பாட்டை எழுதியவர்கள் என்று தட்டில் இருந்த பெயர்கள் பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ்.

காட்டன் அப்போது வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார். அவருடைய முதல் எல்.பி.கூட அப்போது வரவில்லை. அதாவது அவர் பாட்டு அவருக்கு முன்பே கடல் தாண்டிப் புகழ் பெற்றுவிட்டது, அவர் பெயர் இல்லாமல்.

சீகர் குடும்பம் தலையிட்டது. பல இழுபறிக்குப் பிறகு பாட்டின் உரிமையில் காட்டனுக்குப் பங்கும் பெயரும் கிடைத்தன. கறாரின் "வாய்வழி மரபு" வாதத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ஏழையிடமிருந்து எடுக்கும்போது "இது எல்லோருக்கும் பொதுவான நாட்டுப்பாட்டு" என்பார்கள். பதிவு செய்யும் இடத்துக்குப் போனதும் அதே பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். அப்புறம் பழைய சொந்தக்காரர் வந்து கேட்டால், "11 வயதில் எழுதினாய் என்பதற்கு என்ன ஆதாரம்?"

கறார்பேர்வழி எழுதியது:

கடைசி வரி எனக்கு வைத்த குத்து என்று தெரிகிறது, வாங்கிக்கொண்டேன். ஆனாலும் கேள்வி கேள்விதான். அவருடைய உரிமையை மறுக்க அதைக் கேட்கவில்லை.

அடுப்படிவாசகி எழுதியது:

இவ்வளவு பேசியும் அந்த வீட்டுத் தாயை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லையே.

அவர் ரூத் க்ராஃபர்ட் சீகர். சாதாரண ஆள் இல்லை, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் துணிச்சலான இசையமைப்பாளர்களில் ஒருவர். இசை அமைப்புக்காக 1930-ல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்றார், அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண். சார்லஸ் சீகரைக் கல்யாணம் செய்தார், நான்கு பிள்ளைகள். சொந்தமாக இசை எழுதுவது ஏறக்குறைய நின்றே போனது. நாட்டுப்பாட்டுப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஸ்வரப்படுத்தும் வேலையும் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பதும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. நாட்டுப்பாட்டு சேகரிப்பாளர்களான லோமாக்ஸ் அப்பாவும் மகனும் 1941-ல் கொண்டுவந்த "அவர் சிங்கிங் கன்ட்ரி" தொகுப்புக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியது இவர்தான்.

இந்தச் சூழலை யோசித்துப் பாருங்கள். தெற்கு மாநிலங்களில் எடுத்த பதிவுகளை ஒரு அறையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு வளைவையும் காகிதத்தில் பிடிக்க அந்த அம்மா மல்லாடுகிறார். அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாணி விரலில் இருக்கிறது. இவர் வேலைக்கு வந்து கொஞ்ச காலம் வரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது. இவரும் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? சனிக்கிழமை வேலைக்கு வந்தவரிடம் உனக்குப் பாட்டு தெரியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரூத் 1952-ல் மறுபடி சொந்த இசைக்குத் திரும்பி, காற்றுக் கருவிகளுக்கு ஒரு ஐவர் இசை எழுதினார். அடுத்த வருடம் புற்றுநோயில் இறந்துவிட்டார். திரும்பி வந்தும் காலம் கிடைக்கவில்லை. காட்டனுக்குக் கிடைத்தது, இன்னும் முப்பது வருடத்துக்கும் மேல்.

ஒலிநாடா சொன்ன ரெக்கார்டர், நிறுவனம், மேடை எல்லாம் சரி. அதற்கு முன்னால் வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் இரண்டு பெண்களின் கையிலிருந்தும் இசையை எடுத்து வைத்துவிட்டன. ஒருவர் முதலாளி, ஒருவர் வேலைக்காரர் என்ற பெரிய வித்தியாசத்தை மறைக்கவில்லை. ரூத்துக்குப் படிப்பும் பெயரும் நிறமும் துணை இருந்தன. இருந்தும் இந்த நிலை.

கடைசிப்பெட்டி எழுதியது:

இது நான் யோசிக்காத பக்கம். நன்றி அக்கா.

சர்ச் விஷயத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சர்ச் தடுத்தது என்று மட்டும் சொல்வார்கள். தடுத்தபோது அவர் புதிதாகக் கல்யாணமாகிக் குழந்தை பெற்றிருந்த இளம் பெண், வெளியே சம்பள வேலை, உள்ளே வீட்டு வேலை. சர்ச் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் கிட்டாரை எடுக்க எத்தனை நாள் முடிந்திருக்கும்?

ஒலிநாடா எழுதியது:

அதே வட கரோலினாவில் எட்டா பேக்கர் இருந்தார். 1913-ல் பிறந்தவர், அதே பியட்மாண்ட் பாணி, அருமையான விரல். 1956-ல் ஒரு தொகுப்பு எல்.பி.யில் அவர் வாசிப்பு வந்தது, நாட்டுப்பாட்டு மறுமலர்ச்சிக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டுப் பழகினார்கள். அவரோ ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். முழு நேரமாக மேடைக்கு வந்தது ரொம்பப் பின்னால். தட்டு வெளிவந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். காட்டனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, பேக்கருக்கு அப்போது இல்லை. நான் சீகர்களைப் பற்றிச் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

காட்டனும் மேடை ஏறியதும் வீட்டு வேலையை விட்டுவிடவில்லை. நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழாவில் கைதட்டல் வாங்கிய பிறகும் பல வருடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பீச்சாங்கை எழுதியது:

"ஷேக் ஷுகரி" பற்றி யாரும் பேசவில்லை. 1967-ல் அதே பெயரில் எல்.பி. வந்தது. பாட்டைப் பாடுவது காட்டன் இல்லை, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ். கிட்டார் மட்டும் பாட்டி. வரிகளைக் கொள்ளுப்பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கட்டினாராம். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும் பாட்டு. கேட்டால் சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். பாப் டிலன் 1990களில் கச்சேரிகளில் பாடினார். ரியானன் கிடன்ஸ் 2015 ஆல்பத்தில் பாடியிருக்கிறார், அவரும் வட கரோலினாக்காரர். கொள்ளுப்பேத்தி குரலுக்கு யாரும் பக்கத்தில் வரவில்லை என்பது என் கட்சி.

இன்னொரு பாட்டு "ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை", கிரேட்ஃபுல் டெட் 1981-ல் "ரெக்கனிங்" ஆல்பத்தில் போட்டார்கள். காட்டனின் குரலைப் பற்றிப் புத்தகங்களில் ஒன்றிரண்டு வரிதான் எழுதுகிறார்கள். கொஞ்சம் தழுதழுத்த, அலட்டாத குரல். கிட்டார் முன்னால் நடக்க, குரல் பின்னாலேயே வரும்.

நெய்தல்கரை எழுதியது:

கடைசிக் காலம் எப்படி? கஷ்டத்திலேயே போனாரா?

ஒலிநாடா எழுதியது:

இல்லை. இசையில் சம்பாதித்த பணத்தில் 1978-ல் நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனார். 1984-ல் தேசிய மரபுக் கலைஞர் விருது. அர்ஹூலி வெளியிட்ட "எலிசபெத் காட்டன் லைவ்!" தட்டுக்கு 1985-ல் கிராமி. வயது 90 கடந்துவிட்டது. மேடையை விடவில்லை, பாட்டுக்கு நடுவே சின்ன வயதுக் கதைகள் சொல்வார், கூட்டத்தையும் சேர்ந்து பாடச் சொல்வார். 1987 ஜூன் 29 அன்று சிரக்யூஸில் காலமானார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2022-ல் சேர்த்துக்கொண்டது. கார்பரோவில் ரயில் பாதையை ஒட்டிய சைக்கிள் தடத்துக்கு அவர் பெயர்.

கறார்பேர்வழி எழுதியது:

ராக்குக்கும் இவருக்கும் நேர் தொடர்பு என்ன என்று கேட்டால் அடிக்க வருவீர்கள். ஸ்கிஃபிள் வழியாக பிரிட்டிஷ் பையன்கள், அவர்கள் வழியாக மற்றதெல்லாம் என்று சொல்வீர்கள். சரி, அந்தச் சங்கிலியை ஏற்றுக்கொள்கிறேன். அவர் இறந்து 35 வருடம் தாமதம் என்பதையும் சேர்த்து.

நெய்தல்கரை எழுதியது:

நான் வலது கைக்காரன். எதில் ஆரம்பிக்கலாம்? "காட்டன் பிக்கிங்" பழக கிட்டாரைத் திருப்பிப் பிடிக்க வேண்டுமா?

பீச்சாங்கை எழுதியது:

வேண்டாம். நீங்கள் வழக்கம்போல் கட்டைவிரலில் பேஸ் போடுங்கள், ஆள்காட்டி, நடுவிரலில் மெட்டு எடுங்கள். மெட்டை அழுத்தியும் பேஸை அடக்கியும் வாசிக்க மட்டும் கவனம் வையுங்கள். பெரும்பாலோர் கட்டைவிரலால் பேஸை அடித்துத் தள்ளிவிடுவார்கள், அப்போது இவருடைய சாயல் போய்விடும்.

முதலில் "ஃப்ரெய்ட் ட்ரெய்ன்", சி கார்டை மையமாக வைத்து. பேஸ் மட்டும் ஒரு வாரம் தனியாக ஓடட்டும், வேகம் வேண்டாம். அது கை பழகிய பிறகு "வெஸ்டபோல்". அதற்கு ஓப்பன் டி டியூனிங். தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இடது கைக்கு அதில் வேலை குறைவு, வலது கை நன்றாகப் பழகும்.

நெய்தல்கரை எழுதியது:

எல்லாக் கம்பியையும் மாற்ற வேண்டுமா? ஏற்றினால் அறுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பீச்சாங்கை எழுதியது:

எதையும் ஏற்ற வேண்டாம், இறக்குவது மட்டும்தான். மெல்லிய கம்பியை முதல் என்று எண்ணினால், ஐந்தாவதும் நான்காவதும் அப்படியே இருக்கட்டும். ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒரு முழு சுரம் இறக்குங்கள், மூன்றாவதை அரை சுரம். இறக்கிய கம்பி கொஞ்ச நேரம் நழுவும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சரிபார்த்துவிட்டு வாசியுங்கள்.